நான் மறித்த படகு

எங்கள் கோயில் பங்கில் பலருக்கு இந்தக் கதையின் பாதி தெரியும். மிச்சப் பாதி என்னுடைய பாவம். அதை நானே சொல்லாவிட்டால், மாதாவுக்கு நான் சொல்லும் நன்றி பொய்யாகிவிடும்.

எனக்கு ஒரே அண்ணன். போரில் அப்பா போன பிறகு, பதினான்கு வயதில் பள்ளிக்கூடத்தை விட்டுக் கடல் தொழிலுக்குப் போனவர். அதனால் நான் படித்தேன். எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான்தான். அதில் எனக்குப் பெருமை. இப்போதும் உண்டு.

அண்ணனுக்கு நீச்சல் ஒரு வெறி. ஐந்தாறு மணித்தியாலம் ஓயாமல் நீந்துவார். ஒரு நாள் பாக்கு நீரிணையை நீந்திக் கடக்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. கரையில் எல்லோரும் பகிடி பண்ணுவார்கள். “வள்ளம் வைச்சிருக்கிறவன் நீந்திப் போறான். சைக்கிளைத் தோளில தூக்கிக்கொண்டு ஓடுற மாதிரி.”

அம்மா சிரிப்பதில்லை. அண்ணன் கரை ஏறும்வரை சாப்பிடவும் மாட்டார். அண்ணன் இரண்டு தடவை மணலிலேயே மயங்கி விழுந்திருக்கிறார். மூன்று வருடமாக என் செபம் ஒன்றுதான்: மாதாவே, அண்ணா இதை விட வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் கடலில் தொழில் இல்லை. சனி மாலைக்குள் வலைகளை எடுத்துவிட வேண்டும். மீறினால் மீனவர் சங்கம் ஒரு மாதம் தொழிலுக்கு விடாது. கடல் வெறுமையாக இருப்பதால் அண்ணன் ஞாயிறுகளில்தான் நீண்ட தூரம் நீந்துவார். சித்தப்பா படகில் பக்கத்தில் போவார்.

போன வருடம் ஆனி மாதம், ஒரு சனிக்கிழமை பின்னேரம், நான் சித்தப்பாவிடம் போனேன்.

“நாளைக்கு என்ஜின் பழுதெண்டு சொல்லுங்கோ சித்தப்பா. படகு இல்லாட்டி அண்ணா இறங்க மாட்டார். இப்படி நாலு கிழமை போனால் தானா விட்டிடுவார்.”

“அவனுக்குப் பொய் சொல்ல எனக்கு வாய் வராது பிள்ளை,” என்றார். பிறகு, “எண்டாலும் நீ படிச்சனி. யோசிச்சுத்தான் சொல்லுவாய்.”

விடியற்காலையில் அவர் அந்தப் பொய்யைச் சொன்னார். அண்ணன் “சரி” என்று திரும்பிப் போனாராம். நான் நிம்மதியாகப் பூசைக்குப் போனேன். மாதாவுக்கு நன்றியும் சொன்னேன்.

பூசை முடிந்து வந்தபோது, அம்மா அண்ணன் கழற்றிப் போட்ட சட்டையைக் கையில் பிடித்தபடி கடற்கரையில் நின்றார். அண்ணன் தனியாகவே இறங்கிவிட்டார். கச்சான் எழும்பியிருந்தது. அது கரையிலிருந்து வெளிக்கடலுக்குத் தள்ளும் காற்று.

ஆட்கள் கூடினார்கள். “படகு ஏன் கூடப் போகேல்லை?” என்று கேட்டார்கள். சித்தப்பா என்னை ஒருதரம் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்தார். அவர் என்னைக் காட்டிக்கொடுக்க மாட்டார் என்று விளங்கியது. நான் பேசாமல் இருந்தால் படித்த பிள்ளை என்ற பெயர் மிஞ்சும்.

மணலில் முழங்காலிட்டேன். மனப்பாடமான செபம் ஒன்றும் வரவில்லை. “மாதாவே, அண்ணாவைத் திருப்பித் தாங்கோ.” அவ்வளவுதான் வந்தது. எழும்பி எல்லோருக்கும் கேட்கச் சொன்னேன். “என்ஜினில ஒரு பழுதும் இல்லை. நான்தான் சித்தப்பாவைப் பொய் சொல்லச் சொன்னனான்.”

அம்மா என் பக்கம் திரும்பவே இல்லை.

படகுகளைத் தள்ளினார்கள். ஆனால் எந்தப் பக்கம் தேடுவது? அப்போது பின்னால் நின்ற ஒரு தொழிலாளி முன்னுக்கு வந்தார்.

“பிள்ளையே சொல்லிப்போட்டுது. நானும் சொல்லுறன். நேற்று என்ர வலையை நான் எடுக்கேல்லை. வெளியில கிடக்கு. கச்சான் அந்தப் பக்கம்தான் தள்ளும். பிடிச்சுக்கொண்டு கிடக்க இண்டைக்குக் கடலில அது ஒண்டுதான் இருக்கு. முதல் அங்க பாருங்கோ.”

அங்கேதான் இருந்தார். வலைக்கு அடையாளமாகக் கொடி கட்டி விட்ட மிதப்பைக் கட்டிப்பிடித்தபடி, கண் திறக்க முடியாமல். சிறுநீரகம் பாதிக்கப்பட்டு மூன்று கிழமை ஆசுப்பத்திரியில் கிடந்தார். வலைக்காரரைச் சங்கம் ஒரு மாதம் மறித்தது. அந்த மாதம் முழுக்கச் சித்தப்பா அவர் வீட்டுக்குக் கறிக்கு மீன் கொண்டுபோய்க் கொடுத்தார்.

அண்ணன் இரண்டு மாதம் என்னோடு பேசவில்லை. பேசியபோது சத்தம் போடவுமில்லை. “மாதாவிட்டச் சொன்னாய். சித்தப்பாவிட்டச் சொன்னாய். என்னட்ட ஒருநாளாவது சொன்னியா?”

“பயமாயிருக்கு அண்ணா,” என்றேன். அதை அவரிடம் சொன்னது அதுதான் முதல்தடவை.

“பயமெண்டால் படகில வந்து இரு.”

அவர் மறுபடி நீந்துகிறார். வைத்தியர் வேண்டாம் என்றும் கேட்கவில்லை. மூன்று வருடம் நான் கேட்ட வரம் கிடைக்கவில்லை. கிடைக்கும் என்ற நம்பிக்கையும் இல்லை. ஞாயிறுகளில் சித்தப்பாவின் படகில், வாந்தி எடுத்துக்கொண்டு, செபமாலையோடு இருக்கிறேன். தடியில் போத்தலைக் கட்டிக் கஞ்சித்தண்ணி நீட்டுவது என் வேலை. என்றாவது கடல் அவரை வைத்துக்கொள்ளும் என்ற பயம் இன்னும் என்னை விடவில்லை. ஆனால் அன்று மணலில் நான் கேட்ட ஒற்றை வரியை இறைவன் தள்ளவில்லை. அண்ணன் உயிரோடு இருக்கிறார்.

உங்கள் வீட்டிலும் சொல் கேளாத ஒருவர் இருக்கலாம். அவருக்காகத் துணிந்து கேளுங்கள், மாதா பரிந்து பேசுவார். ஆனால் அவரைப் பற்றி மாதாவிடம் அழுவதை, அவர் முகத்தைப் பார்த்தும் ஒருமுறை அழுதுவிடுங்கள்.