வளையல் சத்தமும் தெருப் பார்த்த கம்ப்யூட்டரும்

பிரவுசிங் சென்டர் வேலைக்குக் கம்ப்யூட்டர் தெரிந்திருக்க வேண்டும் என்று நினைக்காதீர்கள்; உட்கார்ந்த ஆளை எழுப்பத் தெரிந்தால் போதும். அது எவ்வளவு பெரிய பாடு என்பது கடையில் நின்று பிழைத்தவர்களுக்குத் தெரியும். நான் ஐந்தாவதோடு நின்றவள். ஆள் முகம் பார்த்துப் பேசவே கூசும். பிராட்பேண்ட் வந்த புதுசில், கைப்பிள்ளையை அம்மாவிடம் விட்டுவிட்டு, கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டு பக்கம் அந்த வேலைக்குப் போனேன்.

வளையல்

நேரம் முடிந்தால் "டைம் ஆச்சு" என்று சொல்ல வேண்டும். எனக்கு வாய் வராது. கேபின் கதவுக்கு வெளியே நின்று கையை ஆட்டுவேன். கண்ணாடி வளையல் கலகலக்கும். பள்ளிக்கூடப் பிள்ளைகள் பழகிவிட்டார்கள், சத்தம் கேட்டதும் எழுந்து வந்துவிடுவார்கள். முதலாளி அண்ணாச்சிதான் தலையில் அடித்துக்கொண்டார்: "ஏம்மா, நான் கடை நடத்துதேனா, கோயில் நடத்துதேனா? மணி அடிச்சுல்லா ஆள எழுப்புத!"

வாய்க்கால்

பத்தாவது படிக்கிற இடைசெவல் கிராமத்துப் பையன்கள் மூன்று பேர், தங்கள் ஊர்ப் பருத்தியைப் பற்றிப் பள்ளிக்கூடத்துக்கு எழுத வேண்டும் என்று வந்தார்கள். ஒருவன் தேடினான், மூவரும் அதே பக்கத்தைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு போனார்கள். மறுநாள் சாயங்காலம் அவர்களுடைய சயின்ஸ் சார், அவர்களையும் அந்தக் காகிதங்களையும் கடைக்கே கொண்டுவந்துவிட்டார். எந்தத் தேசத்துப் பருத்தியோ, வாய்க்கால் தண்ணீரில் வளர்கிறதாம். மழைக்கு மானத்தைப் பார்த்து விதைக்கிற வீட்டுப் பிள்ளைகள் அதை வாசித்துக்கூடப் பார்க்கவில்லை.

இனிமேல் பிரிண்ட் கிடையாது, பார்த்துப் புரிந்துகொண்டு வகுப்பில் வாயால் சொல்ல வேண்டும் என்று சட்டம் போட்ட சார், போகிறபோது சொன்னார்: "ஏலே, உங்க அய்யா பருத்திக்குத் தண்ணி பாய்ச்சுத வாய்க்கால எனக்கும் ஒருநா காட்டுங்கலே, போய்க் குளிக்கணும்."

கதவு

அந்தச் சட்டத்தில் மாட்டியவள் பசுவந்தனை மாரி. அதே பத்தாவது. வகுப்பில் சொல்ல அவளுக்கு விழுந்த பாடம் இருதயம். புத்தகத்தில் அம்புக்குறி போட்ட படம் அவளுக்குப் பிடிபடவில்லை. கம்ப்யூட்டரிலோ இருதயம் துடித்தது. நீலம் ஒரு பக்கம் போக, சிவப்பு மறுபக்கம் வந்தது. "அக்கா, இப்பத்தான் விளங்குது" என்று என்னையும் கையைப் பிடித்து இழுத்துக் காட்டினாள்.

அவள் கேபினுக்குள் போய் உட்காருகிறாள் என்று யாரோ ஊரில் போய்ச் சொல்லியிருக்கிறார்கள். அவள் அப்பா வந்து நின்றார். உள்ளே துடித்ததை அவர் பார்க்கவே இல்லை; கதவைத்தான் பார்த்தார். பிறகு மகளைப் பார்த்துச் சொன்னார்: "கதவு போட்ட பெட்டிக்குள்ள பொம்பளப் பிள்ளைக்கு என்ன பாடம்? பத்தாவதோட போதும். ஏட்டி, கிளம்பு."

தெரு

மறுநாள் அண்ணாச்சி முன்னால் போய் நின்றேன். ஒரு கம்ப்யூட்டரைக் கதவில்லாமல் வாசலில், தெருவைப் பார்த்துப் போடச் சொன்னேன். "கரிசக்காட்டுத் தூசி ஒரு வாரத்துல தின்னுரும்" என்றார். "நான் துடைச்சுக்கிடுதேன் அண்ணாச்சி" என்றேன். அவ்வளவு நீளமாக நான் பேசியதே இல்லை; அந்த ஆச்சரியத்திலேயே சம்மதித்துவிட்டார். கதவு கிடையாது, மாரியோட அப்பா எதிர் டீக்கடையில் நின்றே பார்த்துக்கிடலாம் என்று பசுவந்தனை பஸ் கண்டக்டரிடம் சொல்லி அனுப்பினேன்.

சனிக்கிழமை மாரியும் அவள் அப்பாவும் வந்தார்கள். அப்பா டீ கிளாசோடு எதிரே நின்றார். திரையில் இருதயம் துடிக்கவும், டீக்கடைக் கூட்டமே ரோட்டைத் தாண்டி வந்துவிட்டது. "என்னம்மா இது, உயிரோடயா இருக்கு?" என்றார் ஒரு லோடுமேன். மாரி திரும்பிப் பார்க்காமலே, நீலம் எங்கே போகிறது, எதற்குப் போகிறது என்று சொல்ல ஆரம்பித்தாள். சொல்லச் சொல்லக் குரல் ஏறியது. அவள் அப்பா ஆட்களை விலக்கிக்கொண்டு முன்னால் வந்துவிட்டார்.

நேரம் முடிந்தது. பழக்கத்தில் கையை ஆட்டிவிட்டேன். மாரி சட்டென்று நிறுத்தி எழுந்தாள். அவர் அவள் தோளை அமுக்கி உட்கார வைத்துவிட்டு என்னிடம் சொன்னார்: "ஏ தாயி, செத்த பொறு. கெட்ட ரத்தம் நுரையீரலுக்குள்ள போயிருக்கு, இன்னும் நல்லதாத் திரும்பி வரல."

அடுத்த ஜூனில் மாரி பதினொன்றாம் வகுப்புக்குப் போய்விட்டாள். டீக்கடைக் கூட்டம்தான் நான் வேலையை விடுகிற வரைக்கும் அந்த இருதயத்தையே போடச் சொல்லி, பத்தாம் வகுப்புப் பாடத்தைத் தாண்டவே இல்லை.