தவராசா அண்ணன் பேசாமல் சாப்பிட்ட சொதி

ஞாயிற்றுக்கிழமை காலை, கடையில் வாங்கிய இடியப்பப் பாசலை அவிழ்த்துக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. தவராசா அண்ணனின் மகள் சுகந்தி. "மாமா, அப்பா போயிட்டார்" என்றார். பாசலை அப்படியே மூடி வைத்துவிட்டு நாவற்குடாவிலுள்ள அண்ணன் வீட்டுக்குப் புறப்பட்டேன். வேறொரு நாளாக இருந்திருந்தால் அண்ணனே அழைத்து, "எந்தக் கடை? சம்பல் எப்பிடி?" என்று விசாரித்திருப்பார்.

புளியந்தீவில் ஒரே கந்தோரில் பக்கத்துப் பக்கத்து மேசைகளில் வேலை பார்த்தோம். பகற் சாப்பாட்டுக்கு ஒன்றாகத்தான் வெளியே போவோம். எனக்குப் பசித்தால் எதுவும் ருசிதான். அண்ணன் அப்படியல்ல. சாப்பிடும் கோப்பைக்கு மேல் லஞ்ச் சீற் என்ற பொலித்தீன் தாளைப் போட்டுச் சோறு வைப்பதை அவரால் கடைசிவரை பொறுத்துக்கொள்ள முடியவில்லை. "கழுவப் பஞ்சிப்பட்டுக் கோப்பைக்குச் சட்டை போட்டு விடுறானுகள்" என்பார்.

ஒருமுறை கூட்டமொன்றுக்காகக் கொழும்புக்குப் போனபோது, மங்கலான வெளிச்சமுள்ள பெரிய உணவகமொன்றுக்கு எங்களை அழைத்துப் போனார்கள். அண்ணன் கோப்பையைக் கண்ணருகே தூக்கிப் பார்த்துவிட்டு, "சாப்பாட்டக் காட்ட வெக்கம் போல, லைற்றக் குறைச்சிரிக்கானுகள்" என்றார். பக்கத்திலிருந்த மேலதிகாரி சிரிப்பை அடக்கப் பட்ட பாடு! பின்னர் கல்லடியில் குளிரூட்டிய புதுக்கடைகள் வந்தன. அங்கேயும் போய்ப் பார்த்தோம். "படத்தில இரிக்கிற கோழிக்கும் கோப்பையில இரிக்கிற கோழிக்கும் ஒரு சொந்தமுமில்ல" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்.

இந்தப் பேச்செல்லாம் எங்களுக்குள்தான். கடைக்குள் சத்தம் போட்டு ஒருவரையும் அவர் குறை சொன்னதில்லை. கை கழுவப் போகும்போது குசினி வாசலில் நின்று, சமைத்தவரிடம் மட்டும் மெதுவாகச் சொல்லுவார். "சமைச்ச ஆளிட்டச் சொன்னா அது யோசனை. முதலாளியிட்டச் சொன்னா அது கோள்" என்பது அவருடைய கொள்கை.

சாப்பாடு நன்றாக இருந்தால்? காத்தான்குடியில் ஒருநாள் ஆட்டிறைச்சிச் சோறு சாப்பிட்டோம். அண்ணன் ஒரு சொல்லும் பேசவில்லை. எனக்குப் பயமாகிவிட்டது. பஸ்ஸில் ஏறியதும், "என்ன அண்ணன், சரியில்லையா?" என்று கேட்டேன்.

"நல்லா இரிந்தா வாய்க்கு வேற வேலை இரிக்கும் தம்பி" என்றார்.

அவரிடம் பாராட்டு என்பது அவ்வளவுதான். அதன் பிறகு அவர் எப்போது பேசாமல் இருக்கிறார் என்று கவனிக்கப் பழகினேன். அது அடிக்கடி வாய்க்கவில்லை.

மனைவி காலமாகி, ஓய்வும் பெற்ற பிறகு, அண்ணன் தன் வீட்டுக்குக் கிட்டவே இருந்த இராசேஸ்வரியின் சாப்பாட்டுக் கடைக்குப் போகத் தொடங்கினார். இராசேஸ்வரி வாழைச்சேனையிலிருந்து வந்து, மூன்று மேசைகளைப் போட்டுத் தனியாகக் கடை நடத்துகிறவர். அங்கே சொதி எப்போதும் திரைந்துதான் இருக்கும். தேங்காய்ப்பால் ஒரு பக்கம், தண்ணீர் ஒரு பக்கம். வேறு கடைக்குப் போவோம் என்றால் அண்ணன் கேட்கமாட்டார். "நல்ல கடைக்கு ஆக்கள் இரிக்காங்க. இந்தப் புள்ளைக்கு ஆர் சொல்றது?" என்பார்.

காரணத்தைக் கண்டுபிடித்தவரும் அவர்தான். விடியவே காய்ச்சி வைத்த சொதியை, பகலில் ஆட்கள் வர வர இராசேஸ்வரி திரும்பத் திரும்ப அடுப்பில் ஏற்றிக்கொண்டிருந்தார். "சோறு சூடா இரிந்தாக் காணும் தங்கச்சி. சொதியத் திருப்பிச் சுட வெக்காதீங்க. தேசிக்காய்ப்புளிய இறக்கினாப் பிறகு விடுங்க" என்றார் அண்ணன். திரைவது நின்றது, உப்புக் கூடியது. அதையும் சொன்னார். பிறகு மஞ்சள் கூடியது. ஒவ்வொரு முறையும் அண்ணன் முதல் வாய் வைக்கும்வரை இராசேஸ்வரி கரண்டியும் கையுமாக மேசைக்குப் பக்கத்திலேயே நிற்பார், பரீட்சை முடிவுக்கு நிற்பதுபோல.

கடைசியாக நாங்கள் அங்கே போனது சென்ற மாதம். அண்ணன் நன்றாக மெலிந்திருந்தார். சொதி விட்டுப் பிசைந்து, தலையைத் தூக்காமல் சாப்பிட்டார். கை கழுவினார். குசினிப் பக்கம் திரும்பாமலே வெளியே வந்து ஓட்டோவில் ஏறிவிட்டார். மறுநாள் அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள்.

நேற்று எட்டாம் நாள் படையல். அதற்கு முதல்நாள் சுகந்தி என்னைக் கூப்பிட்டு, "அப்பா எல்லாச் சாப்பாட்டுக்கும் குறைதான் மாமா சொல்லுவார். அவருக்கு விருப்பமெண்டு எதைப் படைக்கிற? அம்மா இருந்திருந்தா அவட்டக் கேட்டிருப்பன்" என்று கலங்கினார். நான் நேரே இராசேஸ்வரியின் கடைக்குப் போனேன்.

படையலுக்குச் சொதி வேண்டும் என்றதும் இராசேஸ்வரியின் முகம் வாடிவிட்டது. "என்ட சொதியா? வேணாம் அண்ணன். கடைசியா வந்த அண்டைக்கு அவர் ஒரு குறையும் சொல்லாமப் போனவர். இனி இவளுக்குச் சொல்லிப் பிரயோசனமில்லையெண்டு விட்டுட்டார். அதையே நினைச்சு நினைச்சு அழுறன்."

காத்தான்குடிக் கதையைச் சொன்னேன். "மெய்யாவா?" என்று கேட்டு இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார்.

நேற்றுச் சட்டியைத் தானே சுமந்து வந்தார். அண்ணனின் படத்துக்கு முன்னால் தலைவாழையிலை விரித்திருந்தார்கள். இராசேஸ்வரி சோற்றில் சொதியை விட்டுவிட்டு, கரண்டியும் கையுமாக அங்கேயே நின்றார். வீடு நிறைய ஆட்கள். யாரும் அவரை விலகச் சொல்லவில்லை.

அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை. இராசேஸ்வரி கண்ணைத் துடைத்துக்கொண்டு, இன்னும் ஒரு கரண்டி விட்டார்.

போய் வாருங்கள் அண்ணன். போகிற இடத்தில் சொதி திரைந்திருந்தால், கை கழுவும்போது சமைத்தவரிடம் மெதுவாகச் சொல்லிவிடுங்கள்.