மழையில் நிரம்பிய தொட்டி

என்னை வட்டகொடையில் கட்டிக்கொடுத்தபோது மாமனார் கொங்கிறீட் தொட்டி வார்க்கத் தொடங்கிச் சில வருடங்கள் ஆகியிருந்தன. அதற்கு முன் தேயிலைத் தோட்டத்துக் கொத்தனார். தோட்டத் தமிழருக்குப் பிரஜாவுரிமை பறிபோன காலத்தில், தோட்டத்துக்கு வெளியே நமக்கென்று ஒரு தொழில் இருக்கட்டும் என்று, ஸ்டேஷனுக்குப் பின்னால் ஒரு சிங்களவரிடம் துண்டு நிலத்தை வாடகைக்கு எடுத்தாராம். சீமெந்து ரயிலில் வந்து இறங்க அதுதான் வசதி. முதலில் கிணற்று வளையம் செய்தார். தோட்டத்துத் துரைமார் பங்களாக்களில் வாளிக் கக்கூஸை எடுத்துவிட்டுத் தண்ணீர் ஊற்றுகிற கக்கூஸ் வைக்கத் தொடங்கியதும், மலத்தொட்டிக்கு ஆள் தேடி வந்தார்கள்.

மாமனார், என் வீட்டுக்காரர், கொழுந்தன், நான். அவ்வளவுதான் கம்பெனி. நான் மணல் சலிப்பேன்; வார்த்த தொட்டி வெடிக்காமலிருக்க ஈரச் சாக்குப் போட்டுத் தண்ணீர் தெளிப்பேன். ஒவ்வொரு தொட்டியிலும் தண்ணீர் நிரப்பி, அந்த மட்டத்தில் கரியால் கோடு போட்டு, மறுநாள் வரை விட்டுவைப்பார் மாமனார். தண்ணீர் கோட்டை விட்டு இறங்கினால் அந்தத் தொட்டி வெளியே போகாது.

அந்த வருடம் வைகாசியில் பிடித்த மழை விடவே இல்லை. என் அக்கா வாழ்க்கைப்பட்ட தோட்டத்திலிருந்து பங்களாவுக்கு ஒரு தொட்டி கேட்டிருந்தார்கள். வார்த்து, நிரப்பி, கோடும் போட்டாயிற்று.

"மழைத் தண்ணியும் சேந்துக்கிட்டே இருக்கே மாமா. ஒழுகினா எப்படிங்க தெரியும்?" என்று கேட்டேன்.

"தெரியாது தாயி. தார்ப்பாயக் கட்டிப் பாப்போம்."

கட்டினோம். காற்று பிய்த்துக்கொண்டு போய் வேலியில் போட்டது. காலையில் தொட்டி கோட்டுக்கு மேலே தளும்பி நின்றது. அந்த நேரம் பார்த்துத் தோட்டத்து லொறியும் வந்துவிட்டது. இன்னும் ஒரு நாள் கொடுங்கள் என்று மாமனார் கேட்டார்.

கூட வந்திருந்த, தோட்டத்து வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கு ஐயா ஒத்துக்கொள்ளவில்லை. "வெட்டுன குழி மழையில சரியுது. இன்னைக்கே எறக்கணும்னு தொரை சொல்லிட்டாரு."

மாமனார் தொட்டியைச் சுற்றி வந்து கையால் தடவிப் பார்த்தார். ஈரமாகத்தான் இருந்தது. தரை, மரம், எங்கள் துணி, எல்லாமே ஈரம்.

தொட்டியை இறக்கப் போன என் வீட்டுக்காரர் திரும்பி வந்து சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார். "குழி எங்க வெட்டியிருக்காங்க தெரியுமா? ஒங்கக்கா லயத்துப் பீலிக்கு நேர் மேல."

மலையிலிருந்து வரும் ஊற்றுத் தண்ணீர் விழுகிற இடம் பீலி. தொழிலாளர் குடியிருக்கிற அந்த லயமே அதில்தான் குடித்தது.

"நீங்க சொல்லலையா?"

"சொன்னேன். தொட்டி ஒழுகாதுன்னா எங்க வச்சா என்னன்னு கண்டாக்கு கேக்குறாரு." ஒழுகாது என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடி என்று அக்காவுக்குச் சொல்லி அனுப்பினேன். "விறகெல்லாம் நனைஞ்சு கெடக்கு, சோறாக்கவே பத்தல" என்று பதில் வந்தது. அதன் பிறகு ஸ்டேஷன் பக்கமிருந்து யாராவது எங்கள் வீட்டை நோக்கி வேகமாக நடந்து வந்தால் சல்லடையைப் போட்டுவிட்டு வாசலுக்குப் போய்விடுவேன்.

ஆடியில் அப்படி ஒருவர் வந்தார். அந்த லயத்தில் வாந்திபேதி. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அக்காவின் சின்ன மகளை அடக்கம் செய்துவிட்டு ஆண்கள் திரும்பிக்கொண்டிருந்தார்கள்.

மாமனார் யாரிடமும் கேட்கவில்லை. மகன்கள் இருவரையும் கூட்டிக்கொண்டு போய்த் தொட்டியின் பக்கத்தில் மண்ணைத் தோண்டினார். ஒரு மூலைக்குக் கீழே மண் கறுத்து நாறியது. இந்த மழைக்கு எல்லாத் தோட்டத்திலும்தான் பேதி இருக்கிறது என்றார் டிஸ்பென்சரி ஐயா. மாமனார் சம்மட்டியை வாங்கி வந்து அந்தத் தொட்டியை அவரே உடைத்தார். வேறொன்றை லயத்துக்குக் கீழே, மறுபக்கச் சரிவில் இறக்கிக் கொடுத்தார். எங்கள் முற்றத்துக்குத் தகரக் கூரை போட்டது அதன் பிறகுதான்.

கருமாதி முடிந்து நான் புறப்படும்போது அக்கா கேட்டாள்: "ஒங்க தொட்டியாலயாடி?"

"தெரியல அக்கா" என்றேன். இன்றுவரை எனக்குத் தெரியாது.

அவள் எங்களோடு முறித்துக்கொள்ளவில்லை. நல்லது கெட்டதுக்கு வந்தாள், என் பிள்ளைகளைத் தூக்கினாள். ஆனால் தொட்டிகள் காய்கிற முற்றம் வழியாக மட்டும் வரமாட்டாள். ரயில் ரோட்டோரமாகச் சுற்றி, பின்வாசலில் வந்து நின்று என்னைக் கூப்பிடுவாள்.