நடுப்பலகை

பிள்ளைகளோடு ஏரியில் உலாப்போக ஜெர்மனியில் வாங்கிய படகு அது. நின்றபடி பார்ஷ் மீன் பிடிக்கலாமென்று அதன் இரு பக்கங்களையும் குறுக்கே இணைத்திருந்த நடுப்பலகையை என் கணவர் மரமறுக்கும் வாளால் அரியத் தொடங்கினார். ஈர மரத்தின் மணம் என்னை மன்னாருக்கு இழுத்துப்போனது.

யுத்தத்துக்குப் பயந்து இந்தியாவுக்குப் புறப்பட்ட அன்று, அயலவர்களையும் ஏற்றுவதற்காக அப்பா எங்கள் வள்ளத்தின் நடுப்பலகையை அரிந்தார்.

"அதில்லாட்டி வள்ளம் தாங்காது. அரியாதேங்கோ," என்றார் அம்மா.

"சனத்தை விட்டிட்டுப் போக ஏலாது," என்றார் அப்பா. அவர் கைகளில் வியர்வையோடு மரத்தூள் ஒட்டியிருந்தது.

நடுக்கடலில் வள்ளம் பிளந்தது. இன்னொரு வள்ளத்தார் எங்களைத் தூக்கினார்கள். தங்கச்சியை மட்டும் காணவில்லை. அப்பா அதன்பின் கடலுக்கே போகவில்லை.

நான் சொல்லி முடித்தபோது கணவர் வாளைக் கீழே வைத்திருந்தார்.

"உமக்குத் தங்கச்சி இருந்தவவோ?"

"ஓம், நாலு வயசு. அவளின்ர கையை நான்தான் பிடிச்சிருந்தனான்."