கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவே

அவள் ஒரு விடுதியின் சலவைப் பிரிவில் இஸ்திரி போடுபவள். கணவன் லிஃப்ட் மெக்கானிக். ஒருநாள் பழுது பார்க்கும்போது கால் தவறி லிஃப்ட் குழிக்குள் விழுந்தான். உயிர் தப்பியது. இடுப்புக்குக் கீழே எதுவும் அசையவில்லை.

அதன்பிறகு அவனைப் புரட்டுவது, குளிப்பாட்டுவது, நாற்காலிக்குத் தூக்கி மாற்றுவது எல்லாம் அவள் பாடு. ஓராண்டு தாண்டியதும் அவளுடைய முதுகு மக்கர் பண்ணியது. ஒருமுறை அவனைத் தூக்கிய வாக்கிலேயே முதுகு பிடித்துக்கொண்டது. நிமிரவும் முடியவில்லை, அவனை விடவும் முடியவில்லை.

வீட்டுக்கு வந்து பார்க்கும் நர்ஸ் சொன்னாள்: "மாத்திரைய மட்டும் நம்பாதீங்கக்கா. தினமும் பத்து நிமிஷம் யோகா பண்ணுங்க. ஒரேடியா ஒரு மணி நேரம் பண்ணிட்டு வாரம் பூரா சும்மா இருந்தா ஒண்ணுக்கும் ஆகாது. கொஞ்சமாப் பண்ணுங்க, விடாமப் பண்ணுங்க."

வீட்டில் வேறு இடமில்லை. கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவே போர்வையை விரித்தாள். முட்டி போட்டு முதுகை வளைத்தாள்.

"நீ ஆடுறதப் பாக்கத்தான் என்னைப் படுக்க வச்சிருக்காங்க போல," என்றான் அவன். கிண்டல்தான், ஆனால் குரலில் சிரிப்பில்லை. மறுநாள் அவனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு செய்தாள்.

சில மாதங்களில் வலி வழிக்கு வந்தது. தூக்கம் பிடித்தது. அவன்மேல் எரிந்து விழுவதும் குறைந்தது. ஒரு காலையில் அவள் மூச்சை மெல்ல விடும்போது, பின்னால் இன்னொரு மூச்சும் கூடவே இறங்கியது. அவள் திரும்பவில்லை. திரும்பினால் நிறுத்திவிடுவான்.

முடித்ததும் அவனே சொன்னான்: "நாளைக்கு இன்னும் மெதுவா விடு. என்னால உன்கூட வர முடியல."

மழைக்காலத்தில் அவனுக்குச் சளி நெஞ்சில் இறங்கியது. ஆஸ்பத்திரியிலிருந்து அவன் திரும்பவில்லை.

உறவுகள் கிளம்பிய பிறகு, கட்டிலைப் பிரித்துக்கொண்டிருந்த நாத்தனார் கேட்டாள்: "இனிமே யோகா எதுக்கு அண்ணி? தூக்கறதுக்கு யாரு இருக்கா?" குத்திக் காட்டவில்லை. அவளும் அழுதுகொண்டுதான் இருந்தாள்.

"தெரியல," என்றாள் இவள்.

மறுநாள் காலை அறையில் தாராளமாக இடமிருந்தது. ஆனாலும் பீரோ ஓரமாகவே விரித்தாள். முதுகு சொன்னபடி கேட்டது. மூச்சுதான் பாதியிலேயே நின்றது. எழுந்து முகம் கழுவிக்கொண்டு வேலைக்குப் போனாள்.

இஸ்திரி மேசையருகே மேற்பார்வையாளர் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார். "இன்னைக்கு உக்காந்தே பண்ணுங்கம்மா."

"வேணாம் சார்," என்றாள். "நிக்க முடியுது."