குழாயக்கா

"பேரை நீங்களே சொல்லுங்க. நான் சொல்லி நீங்க தலையாட்டக் கூடாது."

"சீட்டுலதான் எழுதியிருக்கேம்மா."

"சீட்டுக்கா ரத்தம் எடுக்கப் போறேன்? சொல்லுங்க."

ரத்தம் கொடுக்க வந்தவர் சொன்னார். எழுத்துக்கு எழுத்து சீட்டோடு ஒத்துப் பார்த்த பிறகுதான் குழாயக்கா ரப்பர் பட்டையைக் கையில் எடுத்தார். வெள்ளைக் கோட்டைக் கண்டால் நம்மவர்கள் எந்தப் பெயருக்கும் ஆமாம் போட்டுவிடுவார்கள் என்பது அவருடைய அனுபவம். காது மந்தமான ஒரு பெரியவர் பக்கத்து நாற்காலிக்காரர் பெயருக்குத் தலையாட்டிவிட்டு, அந்த ஆளுக்கும் சேர்த்துக் கையை நீட்டிக்கொண்டிருந்தாராம்.

மருந்துக் கடைக்கும் சைக்கிள் கடைக்கும் நடுவில் ஓர் ஆள் அகலத்துக்கு மாடிப்படி. மேலே இரண்டு அறையில் ரத்தப் பரிசோதனை நிலையம். முன்னறையில் ஆறு நாற்காலிகள். பின்னறையில் ஜன்னலை ஒட்டி அவருடைய மேசை, ஒரு சாய்வு நாற்காலி, ஒரு படுக்கை. மூன்று மாதத்துக்கு ஒரு முறை என் சர்க்கரையை அளக்க அங்கே போகிறேன். நாற்பத்தைந்து வயது இருக்கும் அவருக்கு. இடக்கை ஆள்காட்டி விரலால் முழங்கை மடிப்பை அமுக்கி அமுக்கி விடுவார். தெரிகிறதா என்று பார்ப்பதில்லை. துள்ளுகிறதா என்று தொட்டுத்தான் பார்ப்பார். பட்டை கட்டி ஒரு நிமிடம் ஆகிவிட்டால் அவிழ்த்துவிடுவார். கொஞ்சம் பொறுத்து மறுபடி கட்டுவார். பின்னால் எத்தனை பேர் இருமினாலும் கவலைப்பட மாட்டார்.

வேலை நடக்கும்போது வாய் சும்மா இருக்காது. "கையைப் பிசையாதீங்க, மாவா அது? ஒரு தடவை மடக்கி வச்சாப் போதும். பிசைஞ்சா உப்பு ஏறிக் காட்டும். இல்லாத வியாதிக்கு மருந்து சாப்பிடுவீங்க." ஸ்பிரிட் தடவிய இடத்தை யாராவது ஊதினால் மறுபடி துடைப்பார். "காத்துல தானா காயும். உங்க வாயில இருக்கறதை எதுக்கு அங்க கொட்டறீங்க?" ட்ரிப்ஸ் ஏறும் கையைத் தொடவே மாட்டார். "அதுல எடுத்தா உங்க சர்க்கரையை எண்ண மாட்டோம், பாட்டில் சர்க்கரையைத்தான் எண்ணுவோம்." மார்பில் அறுவை செய்துகொண்ட பெண்களிடம் எந்தப் பக்கம் என்று காதோடு கேட்டு, மறுபக்கக் கையை வாங்கிக்கொள்வார். ரத்தம் நிறைந்த டியூபைக் குலுக்காமல் தூங்கும் குழந்தையைத் திருப்புவதுபோலச் சாய்த்துச் சாய்த்து எடுப்பார். பெயர் ஸ்டிக்கரை நம் கண்ணெதிரேதான் ஒட்டுவார். யாரைப் படுக்கவைத்து ரத்தம் எடுப்பது என்பதற்கும் ஒரு கணக்கு வைத்திருக்கிறார். "பயமா இருக்குன்னு சொல்றவங்க விழ மாட்டாங்க. 'எனக்கென்ன பயம்'னு மீசையைத் தடவறாரு பாருங்க, அவரைத்தான் படுக்கையில போடணும்."

ஒரு வார்த்தையை மட்டும் அவர் வாயில் நான் கேட்டதே இல்லை.

"நரம்பு கிடைச்சுதாக்கா?" என்பார்கள்.

"குழாய் கிடைச்சுது" என்பார்.

"என் நரம்பு ரொம்ப மெலிசுன்னு எல்லாரும் சொல்வாங்க."

"குழாய் நல்லாத்தான் இருக்கு. தண்ணி குடிக்காம வந்திருக்கீங்க."

இப்படித்தான் அந்தப் பெயர் வந்தது. தெருவில் அது எவ்வளவு பரவியது என்றால், ஒரு நாள் ஓர் ஆள் உடைந்த தண்ணீர்க் குழாயைப் பையில் போட்டுக்கொண்டு மாடியேறி வந்துவிட்டார். வரிசையில் முறையாக உட்கார்ந்து, தன் முறை வந்ததும் அதை மேசைமேல் வைத்தாராம். "வெறும் வயித்துல வந்தீங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் குழாயக்கா சிரித்திருக்கிறார்.

அந்த வார்த்தைக்கு ஏன் இத்தனை விலக்கு என்று கேட்டேன். ஊசியின் மூடியைத் திருகியபடியே சொன்னார். நான் சர்க்கரையை மறந்து உட்கார்ந்திருந்தேன்.

ரத்தம் ஓடுகிற குழாயையும் நரம்பு என்கிறோம். மூளைக்குச் சேதி கொண்டுபோகிற இழையையும் நரம்பு என்கிறோம். பேச்சில் ஒரு தொல்லையும் இல்லை. ஆனால் முழங்கை மடிப்பின் உள்பக்கத்தில் இந்த இரண்டும் அரிசி அகல இடைவெளியில் ஓடுகின்றன. ஒன்றில் ஊசி ஏற்றினால் பரிசோதனை. மற்றதில் ஏற்றினால் ஊனம்.

முன்பு அவர் ஒரு பெரிய மருத்துவமனையில் இருந்தார். அங்கே அவருக்குக் கைராசிக்காரி என்று பெயர். குழந்தைகளா, கீமோ எடுத்தவர்களா, வேறு யார் குத்தியும் கிடைக்கவில்லையா, அவரைக் கூப்பிடு. பல்லாயிரம் கைகளைத் தொட்டுத் தொட்டுச் சேர்த்த பயிற்சி அது. அதை ராசி என்று சொல்வது, உழைத்தவளிடமிருந்து உழைப்பைப் பிடுங்கிக் கிரகத்துக்குப் பட்டா போட்டுக் கொடுப்பது. அதைவிடக் கேடு ஒன்றும் உண்டு. பயிற்சி உள்ளவள் தவறினால் ஊசியை உருவிவிட்டு, மன்னிப்புக் கேட்டு, வேறு இடம் பார்ப்பாள். ராசி உள்ளவள் தவறவே கூடாது.

அங்கிருந்து விலகுவதற்குச் சில மாதம் முன்னால், சட்டைத் தொழிற்சாலையில் காலர் தைக்கிற ஒரு பெண் அவரிடம் வந்தாள். முப்பது வயதுக்குள். மடிப்பின் உள்பக்கத்தில் ஒரு குழாய் பளிச்சென்று தெரிந்தது. அந்தப் பக்கம் கடைசியாகத்தான் போக வேண்டும் என்று படித்தவர்தான் அவர். வரிசை நீளம், பளிச்சென்று தெரிந்ததிலேயே குத்தினார். ரத்தம் வரவில்லை. உருவியிருக்க வேண்டும். ஊசியை உள்ளேயே வைத்து இப்படியும் அப்படியும் துழாவினார்.

"ரெண்டாவது தடவை குத்தறது எனக்குக் கௌரவக் குறைச்சல். கைராசிக்காரி இல்லையா நான்?"

அந்தப் பெண் தூக்கிவாரிப்போட்டதுபோல் துடித்தாள். "சிஸ்டர், நரம்புல பட்டுடுச்சு. விரல் வரைக்கும் கரண்டு அடிக்குது."

இவர் சொன்ன பதில்: "நரம்புல படாம வேற எங்கம்மா படும்? ஆடாம இரு."

வரிசையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அந்தப் பெண்ணும் சிரித்தாளாம், வெட்கத்தோடு. ஊசி இன்னும் அரை நிமிடம் உள்ளே இருந்தது. இரண்டு டியூப் நிறைந்தது.

மறுநாளிலிருந்து அவளுடைய வலக்கைக் கட்டைவிரலும் அடுத்த இரண்டு விரல்களும் மரத்துப்போயின. துணியைப் பிடிக்க முடியவில்லை. தையல் மிஷின் ஊசிக்கு அடியில் விரல் போனாலும் தெரியவில்லை. தொழிற்சாலை மூன்று வாரம் பார்த்துவிட்டு நிறுத்திவிட்டது. கை போனது ஊசியால்தான் என்று மருத்துவமனை எழுதிக் கொடுத்தால் பொத்தான் பிரிக்கிற வேலையாவது தருகிறோம் என்றது. அவள் தன் கைப்பட, இடக்கையால், ஒரு புகார் எழுதினாள். ஒரே வரி: "ரத்தம் எடுக்கும்போது என் நரம்பில் ஊசி குத்திவிட்டார்கள்."

அதற்கு வந்த பதிலின் நகலைக் குழாயக்கா வைத்திருக்கிறார். நானே படித்தேன். "இரத்தப் பரிசோதனைக்கு நரம்பில் ஊசி செலுத்துவது வழக்கமான நடைமுறையே. ஆகவே புகாரில் முகாந்திரம் இல்லை." கீழே கையெழுத்து, முத்திரை.

இரண்டு முறை படித்தும் எனக்கு நம்பிக்கை வரவில்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகள் சிலேடை என்று ரசிக்கிற ஒன்றை வைத்து ஒரு பெண்ணின் கையை இல்லை என்று ஆக்கிவிட்டார்கள். இதை எழுதியவர் முட்டாள் என்றால் பரிதாபப்படலாம். அவர் படித்தவர். அந்தக் கட்டடத்திலேயே நரம்பியல் பிரிவு என்று ஒரு தளம் முழுக்க இருக்கிறது. அந்தப் பலகையைத் தாண்டித்தான் அவர் தினமும் மாடியேறுகிறார். அங்கே ரத்தமா எடுக்கிறார்கள்?

"அந்தப் பதிலை என்கிட்ட காட்டி, 'உங்க மேல ஒண்ணும் இல்லம்மா, நிம்மதியா போங்க'ன்னாரு அதிகாரி" என்றார் குழாயக்கா. "நானும் போனேன். அன்னைக்கு நல்லாத் தூங்கினேன். எல்லாரும் அவரைத் திட்டறாங்க. எனக்கு அதிர்ச்சி என்னன்னா, நான் தூங்கினேனே, அதுதான்."

இரண்டு வாரம் கழித்து மருத்துவமனைத் தாழ்வாரத்தில் ஒரு பெண் தண்ணீர் பாட்டில் மூடியைப் பல்லால் கடித்துத் திருகுவதைப் பார்த்தார். உதவலாம் என்று கிட்டே போனால், அவள். "சிஸ்டர், அன்னைக்கு நான் ஆடினதாலதான் இப்படி ஆச்சா?" என்று கேட்டாளாம். மூடியைத் திருகிக் கொடுத்துவிட்டு வந்த குழாயக்கா, அன்று மாலையே ஒரு கடிதம் எழுதினார். ஊசி பட்டது ரத்தக் குழாயில் அல்ல, உணர்ச்சி நரம்பில், குத்தியது நான், அந்தப் பெண் சொன்ன பிறகும் ஊசியை எடுக்காமல் விட்டதும் நான்.

வீட்டில் இடி விழுந்தது. "தப்பிச்சவ தப்பிச்சோம்னு இருக்க வேண்டியதுதானே? சும்மா கெடந்த சங்கை எதுக்கு ஊதிக் கெடுக்கறே?" என்றார் மாமியார்.

"சங்கு சும்மா கெடக்கல அத்தை. ஒருத்தி கை சும்மா கெடக்குது."

நான்காம் நாள் மாமியாரே, "அந்தப் பொண்ணுக்குச் சமைச்சுப் போட யாரு இருக்கா?" என்று கேட்டிருக்கிறார்.

கடிதம் போன மறுவாரம் குழாயக்காவைப் பழைய காகிதக் கட்டுகள் அடுக்குகிற அறைக்கு மாற்றினார்கள். ஒரு மாதம் தூசி தட்டிவிட்டு, விலகி, இந்த மாடிக்கு வந்து சேர்ந்தார். வந்த நாளிலிருந்து ஒவ்வொரு கைக்கும் ஒரு பாடம் சொல்கிறார்: "கரண்டு அடிச்ச மாதிரி இருந்தா உடனே சொல்லுங்க. சொன்னா எடுத்துடுவேன். எத்தனை தடவை குத்தினாலும் திட்டிக்கோங்க." சிலருக்கு மூன்று முறை குத்துகிறார். கைராசி இல்லாதவள் என்று முன்னறையில் முனகுகிறார்கள். அவர் காதில் விழத்தான் செய்கிறது.

விசாரணைக்கு அழைப்பு வர ஒரு வருடம் ஆயிற்று. "நீங்க கதை எழுதறவங்க, பக்கத்துல இருந்தா வார்த்தையை மாத்த மாட்டாங்க" என்று என்னையும் கூப்பிட்டார். மூன்றாவது மாடி, நீள மேசை. அந்தப் பக்கம் பதில் எழுதிய அதே அதிகாரி. இந்தப் பக்கம் நாங்கள் மூவர். காலர் தைத்த பெண் வலக்கையை மடியில் வைத்து இடக்கையால் மூடிக்கொண்டிருந்தாள். அவளுக்கு வேண்டியது ஒரே ஒரு தாள்: ஊசியால்தான் கை போனது என்று.

அதிகாரி தட்டச்சு செய்த காகிதத்தை நகர்த்தினார். "உங்க வாக்குமூலம். படிச்சிட்டுக் கையெழுத்துப் போடுங்க."

அதில் இருந்தது: "நான் மேற்படி பெண்ணின் நரம்பில் ஊசி செலுத்தினேன்."

ஒரு வருடம் காத்து, வேலையை விட்டு, அவர் கொண்டுவந்து சேர்த்த உண்மையை அதே பழைய குழிக்குள் தள்ளி மண் போட்டுவிட்டார்கள். கையெழுத்து விழுந்தால் வழக்கமான நடைமுறை; முகாந்திரம் இல்லை.

"இதுக்கு ரெண்டு அர்த்தம் இருக்கு சார்" என்றார் குழாயக்கா.

"எனக்கு ஒண்ணுதாம்மா தெரியும்."

"கையைக் கொடுங்க சார்."

"எனக்குச் சர்க்கரை எல்லாம் இல்லம்மா" என்று சிரித்துக்கொண்டே அவர் பேனா பிடித்த வலக்கையை நீட்டினார். ஊசி போடுகிறவள் கேட்டால் யாருக்கும் கை தானாக நீளும். குழாயக்கா அதை மடக்கி, முழங்கை எலும்புக்கு உள்பக்கத்துப் பள்ளத்தை விரலால் தேடி, நடுவிரலை மடக்கி ஒரு சுண்டு சுண்டினார்.

அதிகாரி நாற்காலியோடு பின்னால் போனார். பேனா பறந்தது.

"சுண்டுவிரல் வரைக்கும் போச்சா?"

முகம் வெளுத்திருந்தது. தலையை மட்டும் ஆட்டினார்.

"அது நரம்பு." மறுபடி கையை இழுத்து மடிப்பில் அமுக்கினார். "இது குழாய். இங்க எவ்வளவு அமுக்கினாலும் அப்படி அடிக்காது. நான் அவங்களுக்கு ஊசி விட்டது, நீங்க இப்பத் துள்ளினீங்களே, அந்த ஜாதியில. உங்களுக்கு ஒரு நொடி. அவங்களுக்குப் பதினாலு மாசம்."

பேனா உருண்டு அந்தப் பெண்ணின் காலடியில் நின்றிருந்தது. பழக்க தோஷம், அவள் குனிந்து வலக்கையை நீட்டினாள். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் பேனாவின் இரு பக்கமும் போய் நின்றன. தூக்கினாள். விரல்கள் மட்டும் வந்தன. மறுபடி பிடித்தாள். மறுபடியும் விரல்கள்தான் வந்தன.

எடுத்துக் கொடுக்க நான் எழுந்தேன். மேசைக்கு அந்தப் பக்கமிருந்து அதிகாரியும் பதறி எழுந்தார். குழாயக்கா இரண்டு கைகளையும் அகல விரித்து எங்கள் இருவரையும் நிறுத்தினார். "இதைப் பாத்துட்டு எழுதுங்க சார்."