சாப்பாட்டு வரிசையில் கடைசி ஆட்கள்

கடற்படைக் கப்பலின் தலைமைச் சமையல்காரருக்குப் பதினேழு வருட சர்வீஸ். அந்தப் பயணத்தில் இருநூறு மரைன் வீரர்களும் ஏறியிருந்தார்கள். கப்பல் கொண்டுபோய் விடும் கரையில் இறங்கிச் சண்டை போடுவது அவர்கள் வேலை. ஆனால் சாப்பாட்டு வரிசையில் மாலுமிகளுக்குப் பிறகுதான் அவர்களுக்கு இடம். மூன்று வாரமாக அவர்களுக்கு அடிச்சட்டியைச் சுரண்டிப் போடும்போதெல்லாம் அவருக்கு வயிறு எரிந்தது.

கரையிறங்கும் பயிற்சியன்று, தங்கள் முறை வராமலே மரைன்கள் வெறும் வயிற்றோடு படகுக்குப் போவதைக் கண்டவருக்குப் பொறுக்கவில்லை. கரண்டியால் மேசையைத் தட்டி, "நம்ம ஆளுங்கல்லாம் ஒதுங்குங்கப்பா! முதல்ல இவங்க சாப்பிடட்டும்" என்று கத்தினார்.

கடற்படை அதிகாரி ஒருவர் ஓடி வந்தார். "கப்பல் நம்மளோடது. அவங்க நாம ஏத்திட்டுப் போற சரக்கு, அவ்வளவுதான்."

"சரக்குக்குப் பசிக்குமா சார்? குண்டடி பட மட்டும் அவங்க முதல் வரிசை, சோத்துக்குக் கடைசி வரிசையா?"

எதிர்த்துப் பேசியதற்காகச் சமையல்காரருக்குப் பத்து நாள் பாத்திரம் கழுவும் தண்டனை கிடைத்தது. மூன்றாம் நாள் ஒரு மரைன் வீரன் வந்து, "நகருங்கண்ணே, நான் தேய்க்கிறேன்" என்றான்.

"உன்னைப் பாத்திரம் தேய்க்க வைக்கவா நான் சண்டை போட்டேன்? போடா" என்று விரட்டிவிட்டார்.

தண்டனை முடிந்து திரும்பியபோது வரிசை பழையபடியே இருந்தது. அன்றே கப்பல் தலைவருக்கு அந்த வரிசையைப் பற்றித் தன் கைப்பட ஒரு புகார் எழுதிக் கொடுத்தார்.